புடவைக்கு வெளியே

3.7.72, திங்கள்

காது கேட்கும் கருவி வந்து இரண்டாம் நாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், நுனியில் காதை அடைக்கும் குமிழ். பெட்டியை ரவிக்கைக்குள் செருகி, ஒயரைப் பின்னலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. திருப்தி.

பதினோரு வயதில் டைபாய்டோடு போன சத்தம் பதின்மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவில். மின்விசிறி, என் டைப்ரைட்டர், ஹெட்கிளார்க் வேம்பு சார் மூக்கு சிந்துவது, எல்லாமே. அதற்குள்ளிருந்து மனிதக் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

5.7.72

குறுவை நடவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கால் மதகடியில் நின்று கேட்டேன். சலசலப்பு என்றுதான் படித்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை. சொம்பைத் தூக்கிக் குடிப்பவரின் தொண்டை மாதிரி மடக் மடக் என்கிறது. இதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

7.7.72

அம்மா ஓயாமல் பேசுகிறாள். அடுப்போடு, பூனையோடு. என்னைப் பற்றியும், என் பக்கத்திலேயே நின்றுகொண்டு: "நாள் பூரா புஸ்தகத்துல மூஞ்சியப் பொதச்சிக்க வேண்டியது. சாப்புட்ட தட்டக் கழுவுனா கை தேஞ்சா பூடும்?"

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

அம்மா என் முன்னால் வந்து நின்றாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தினி நாளா?"

"ஞாயித்துக்கெழமையிலேருந்து."

"போச்சு போ. இனிமே நான் வாய்க்காங்கரையிலதான் போயிப் பேசணும்."

இருவரும் சிரித்தோம். என் சிரிப்பின் சத்தம் இப்படியா இருக்கும்? கொஞ்சம் வாத்து மாதிரி.

10.7.72, திங்கள்

புதுத் தாசில்தார் மீரா சாகிப் இன்று பொறுப்பேற்றார்.

எங்கள் அலுவலக வேலை, நிலத்தை உழுகிற குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது. அவர்கள் வந்து வாக்குமூலம் சொல்வார்கள். பழைய தாசில்தார் ஒவ்வொரு வரியையும் என்னைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அவர் உதட்டைப் பார்த்து நான் அடித்துவிடுவேன். அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

இவர் சொல்கிறார்: "நான் எதுக்கும்மா திருப்பிச் சொல்லணும்? என் வாயில வந்தா என் வார்த்தையாயிடும். அவங்க சொல்றத நேரா அடிங்க."

அவர் சொல்வது நியாயம். அதுதான் கஷ்டம்.

11.7.72

கஞ்சி போட்ட புடவை கட்டிப் போனது என் முட்டாள்தனம். காலை முழுக்க என் புடவையின் வாக்குமூலத்தைத்தான் கேட்டேன். சரசர சரசர. உதட்டைப் பார்க்கலாம் என்றால், வருகிறவர்கள் எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள். எதிரே நாற்காலியில் நிலக்காரர் இருந்தால் மரியாதை அப்படி. அப்பாவும் இருந்தவரை அப்படித்தான் நின்றார்.

நான்கு இடத்தில் வெற்றுக் கோடு விட்டிருந்தேன். தாசில்தார் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரிவரலேன்னா வேற ஆள்தான் போடணும்."

வேம்பு சார் ஆறுதலாம்: "தபால் செக்‌ஷனுக்கு வந்துடேன். முத்திரை குத்தக் காது எதுக்கு?"

எனக்கு இந்த நாற்காலிதான் வேண்டும். எத்தனையோ படித்துவிட்டேன். எங்கள் தெருக்காரர்கள் பேச்சு அவர்கள் பேசிய மாதிரியே தாளில் ஏறுவதை இங்கே மட்டும்தான் பார்க்கிறேன்.

13.7.72

பெட்டியைப் புடவைக்கு வெளியே குத்தினால் நன்றாகக் கேட்கிறது. வீட்டில் குத்திப் பார்த்தேன்.

மாட்டேன்.

14.7.72, வெள்ளி

முதல் ஆள் அரசப்பன். இரண்டு மா நிலம் உழுகிறார். அவர் குத்தகைக்காரரே இல்லை, வெறும் கூலியாள் என்கிறது பண்ணை. நிலக்காரருக்குப் பதிலாகப் பண்ணைக் காரியக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அரசப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, வாயைப் பொத்தி, என்னவோ சொன்னார். கஞ்சி போடாத புடவைதான், ஆனாலும் சரசர.

"அடிச்சிட்டீங்களா?" என்றார் தாசில்தார்.

தாளில் ஒரு எழுத்து இல்லை. அந்த மனுஷனின் இரண்டு மா நிலமும் அந்த வெள்ளைத் தாளில் — நான் என்ன செய்ய?

திரும்பி உட்கார்ந்து பெட்டியை வெளியே எடுத்தேன். தோளில் ஊக்கால் குத்தினேன். ஊக்கு இரண்டு தடவை விழுந்தது.

"என்னம்மா, ஆபீஸுலயே டிரான்சிஸ்டரா? நியூஸ் என்னாங்கறான்?" என்றார் காரியக்காரர்.

"எனக்குக் காது கேக்காது. அதுக்கு இது." எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ. டீக்கடை வரை கேட்டதாக வேம்பு சார் பிறகு சொன்னார்.

"ஐயா, கைய எடுத்துட்டுச் சொல்லுங்க. வாயையும் பாத்தாத்தான் எனக்குப் புரியும்."

அரசப்பன் காரியக்காரரைப் பார்த்தார். தாசில்தாரைப் பார்த்தார். "எடுங்க, அவங்களுக்காக" என்றார் தாசில்தார். கை இறங்கியது, பாதியில் மறுபடி ஏறியது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு வருசமா நாந்தாங்க உழுவுறேன். அறுத்தா நாந்தான் நெல்லளந்து குடுக்கறேன். ரசீது அவுக குடுத்ததில்ல. கேக்க எனக்கு வாயி வந்ததில்ல."

அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரல்! அப்படியே அடித்தேன். ஒரு கோடுகூட விடவில்லை. படித்துக் காட்டியதும், "ஆமா, நான் சொன்னதுதான்" என்று விரல் வைத்தார்.

தாசில்தார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆளக் கூப்புடுங்க" என்றார்.

15.7.72

தபால் செக்‌ஷனில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். என் நாற்காலி எனக்கே.

23.7.72, ஞாயிறு

இன்று முழுக்கப் பெட்டியை அணைத்து வைத்துப் படித்தேன். அந்த அமைதியும் எனக்கு வேண்டியிருக்கிறது. அம்மா வாய்க்காலுக்குப் போகாமல் வீட்டிலேயே பேசிக்கொண்டாள்.

2.8.72, புதன்

அரசப்பன் மனுவுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. ஆனால் விசாரணை நாளில் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "உள்ள டைப் அடிக்கிற பொண்ணுக்குக் காது கேக்காது. வாயப் பொத்தாம, நல்லா ஒறக்கச் சொல்லணும், என்ன?" என்கிறாராம். இன்று காளியம்மாள் என்று ஒருத்தி வந்தாள். முந்தானை இடுப்பில் இறுகச் செருகியிருந்தது. காரியக்காரர் எதிரிலேயே நிமிர்ந்து நின்று உரக்கப் பேச ஆரம்பித்தாள்.

தோளில் இருந்த பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.