நேர் பின்னால் ஒரு கட்டம்

ஜூலை 8, திங்கள்
மெட்டு மலைப்பாதையில் விடாத சாரல். வைப்பர் மறுபடி மக்கர். ஏழரைக்கு ஏலத்தோட்டத்தில் கூலி வேலைக்குப் பதினோரு பெண்களை என் ஜீப்பிலிருந்து இறக்கியாயிற்று. மூன்று மணிவரை சும்மா. தோட்டத்து ஜீப் ஓட்டும் தங்கச்சன் சேட்டாவோடு செஸ். கடைசியில் அவருக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், எனக்கு ராஜா மட்டும். வழக்கம்போல, தோற்றேன் என்று ராஜாவைக் கவிழ்த்தேன்.

“எந்தா முருகேசா, இது தோத்த ஆட்டம் இல்லியே. சமம்.”

அடுக்கிக் காட்டினார். சிப்பாயின் வழியை மறித்தே நிற்க வேண்டும். விலகித்தான் ஆக வேண்டுமென்றால் நேர் பின்னால் ஒரு கட்டம். கோணலாகப் போனால் செத்தேன். பிறகு அவர் ராஜா எந்தப் பக்கம் ஏறினாலும் அதற்கு நேர் எதிரே என் ராஜா. கடைசியில் எனக்கு நகர இடமிருக்காது, செக்கும் இருக்காது. சமம்.

நாலு வருஷமாக இப்படி எத்தனை ஆட்டத்தை நானே கவிழ்த்தேனோ.

வெள்ளியோடு சேட்டா வேலையை விடுகிறார். கோட்டயம், மகள் வீட்டோடு. டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டத்துக்கு ஒரு கோடு, மூன்று பத்தி: அவர், நான், சமம். பின்னிரண்டும் காலி. அவர் போவதற்குள் ஒரே ஒரு சமமாவது வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்
மூடுபனி. மறுபடி அதே நிலை. ராஜா கையில். என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த பெண்களில் பேச்சியக்கா: “ஏலே முருகேசா, பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துரும். வண்டிய எடு.” அவசரத்தில் கோணலாக வைத்தேன். போச்சு.
வாங்க: வைப்பர் ரப்பர், சீரகம், வீட்டுக்காரி செல்விக்குத் தைலம்.

ஜூலை 11, வியாழன்
இன்றும் தோல்வி, நடு ஆட்டத்திலேயே. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பலகை. சோறு ஆறிவிட்டது. செல்வி கேட்டாள்: “தோத்தது வருத்தமா, அவுக போறாகன்னு வருத்தமா?” பலகையைத் தள்ளிவைத்துச் சோற்றைப் பிசைந்தேன். இரண்டும்தான்.

ஜூலை 12, வெள்ளி
நல்ல வெயில். கடைசி நாள். இம்முறை தலைகீழ். சிப்பாய் என்னிடம், சேட்டாவுக்கு ராஜா மட்டும். அவர் நேர் பின்னால் போனால் சமம். இப்போது எனக்கே தெரியும். அவர் ராஜாவைத் தூக்கினார். என்னைப் பார்க்காமல் கோணலாக வைத்தார்.

முகம் சுட்டது. போகிற போக்கில் எனக்கு ஒரு வெற்றியைப் போட்டுவிட்டுப் போகிறார். கோபம். கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

சிப்பாயைக் காவல் இல்லாமல் அவர் ராஜாவின் பக்கத்திலேயே தள்ளினேன்.

“எந்தா இது? கண்ணு தெரியலியா?”

“உங்களுக்குத் தெரியலைல்ல சேட்டா. எனக்கும் தெரியல.”

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிப்பாயை வெட்டினார். இரண்டு ராஜாக்கள் மட்டும் மிச்சம், இனி யாரும் ஜெயிக்க முடியாது. ஜீப்பில் எல்லோரும் ஏறியிருந்தார்கள். பேச்சியக்கா இன்று கூப்பிடவில்லை.

சேட்டா நோட்டைக் கேட்டு வாங்கினார். சமம் பத்தியில் அவரே ஒரு கோடு போட்டார். மை சரியாக விழவில்லை. அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.