இடைக்கரையில் நிற்கும் நீர்

நலம் நிலைபெறுக. ஐப்பசித் திங்கள் பதினேழாம் நாள், வியாழன், உச்சிப்பொழுது. கீழ்க்காற்றுடன் மழை விடாது பெய்கிறது.

நீலவரை நாட்டு அரசியார் பெருந்திரு நாச்சியாரின் ஆணைப்படி, திருமந்திர அமைச்சன் விடங்கன் அதியத்தன், தாழைமுகப்பட்டினத்துத் தண்டநாயகர் மாவலி நம்பியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் கலங்களும் வாழ்க.

மேன்மாடபுரமும் தங்கள் பட்டினமும் மழைநீரை ஆளும் விதிகளை ஒப்பிட்டு அறிவிக்கப் பணிக்கப்பட்டேன். இரண்டையும் படித்தேன், இரண்டும் வழுவாது பின்பற்றப்படுகின்றன. என்னை நடுங்கச் செய்தது அதுவே.

மேன்மாடபுரத்தில் தெருநீர் கோயிற்குளத்தில் கலக்கலாகாது. மதிலுக்கு வெளியே விடப்பட வேண்டும். நேற்று அவ்வாறே விட்டனர். தெருக்கள் உலர்ந்தமைக்காக நகர அதிகாரிக்கு மாலையும் சூட்டினர். தங்கள் பட்டினத்திலோ, கடலம்மைக்குக் காலைப் பூசை முடியுமுன் வெளிநீர் உட்புகலாகாது. அதுவரை மேற்கு மதகு அடைபட்டிருக்க வேண்டும். அவ்வாறே அடைபட்டிருக்கிறது. ஆதலின் மேல்நகர் தள்ளியதும் கீழ்நகர் ஏற்காததுமாகிய நீர் முழுவதும், இரு மதில்களுக்கும் நடுவேயுள்ள இடைக்கரை என்னும் குயவர் குடியிருப்பில் நிற்கிறது. மக்கள் கூரைகளில் ஏறியிருக்கின்றனர். சுவர்கள் மண்ணாலானவை, இன்றிரவைத் தாங்கா.

விடியலில் படகேறிச் சென்றேன். கூரையொன்றிலிருந்து ஒரு பெண் கூவியதை அவள் சொற்படியே எழுதுகிறேன்: "பூசை முடிஞ்சாத்தான் மதகத் தெறப்பீகளாமே சாமி? பூசாரி இந்தா எங்க கூரையில நனைஞ்சுக்கிட்டு கெடக்காரு! அம்மனை வேணா இங்கிட்டு வரச் சொல்லுங்க!"

அவள் உரைத்தது மெய். கடலம்மையின் பூசாரி சாத்த வேளார் அவ்வூரினர். அவரைப் படகிலேற்றித் தங்கள் மேற்கு வாயிலை அடைந்தேன். வாயிலைத் திறந்தால் வெளிநீர் புகும், பூசையோ முடியவில்லை என்று காவல் தலைவர் மறுத்தார். பூசை செய்பவர் இவரே என்றேன். அதனாலேயே முடியவில்லை எனப் பணிவுடன் விடையளித்தார். ஏணியிட்டு ஏறலாமோ என்றதற்கு, மதிலேறுவோர் பகைவர் என்பது பிறிதொரு விதி என்றார். விதியை மீற அரசியாரின் கைச்சாத்து வேண்டும் என்றமையால், படகைத் திருப்பினேன்.

அரசியாரிடம் சென்று நிகழ்ந்ததை உரைத்தேன். விதியில் 'வெளியே' என்று எழுதியவருள் எவரேனும் அவ்விடத்தில் ஒருமுறை நின்று பார்த்ததுண்டோ என்று அவர் வினவினார். இல்லை என்றேன்.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட கணமே மேற்கு மதகு திறக்கப்படுக, பூசை பின்னர் நிகழ்க. மேன்மாடபுரத்துத் தெருநீர் இன்றுமுதல் அந்நகர்க் குளத்திற்கே செல்க. தங்கள் கடைத்தெருவில் நீர் முழங்காலளவு ஏறும். வணிகர்க்கு முன்னரே அறிவிக்க. மறுப்பேதும் உண்டாயின் மதகு திறந்தபின் எழுதுக.

இது அரசியார் கைச்சாத்தும் நீலவரை முத்திரையும் பெற்றது.

மேற்கு வாயில், அந்திப்பொழுது. ஓலை படகிலிருந்து கூடையில் மேலே வந்தது. கைச்சாத்து அரசியாருடையதே. பெற்றுக்கொண்டேன், மதகுக்கு ஆள் இறங்கிவிட்டது. — காவல் தலைவன் இளம்பூதி.