வெயில் தாங்குமா பனிக்கரடி?

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. நான் இன்னும் அழவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், அச்சாபீசுக்குப் போகிறேன், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வெட்டுகிறேன். யாராவது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். என்ன ஜென்மமோ!

நம் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி ஆள் செத்தால் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். உனக்கும் கேட்டார்கள். "வெடியா தாயி?" "இல்ல, வெயிலு" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. களத்தில் காயப்போட்ட மத்தாப்புத் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நெருப்புக்குத்தான் பயந்தோம். வெயில் நமக்குச் சோறு போடுவது. மேகம் கூடினால்தான் காயப்போட முடியாமல் கூலி போகும். அதற்கு முந்தின வாரம் "தலை கிறுகிறுங்குது" என்று சொன்னாயே, நான் என்ன சொன்னேன்? "நம்ம ஊரு வெயிலு நமக்குப் பழக்கந்தானண்ணே, போயிட்டு வா." அதைச் சொன்ன வாயால்தான் இன்னமும் சாப்பிடுகிறேன்.

மதுரையில் உயிரியல் படிக்கும் உன் மகள் கயல் போன வாரம் வந்தாள், இன்னும் இங்கேதான் இருக்கிறாள். வகுப்பில் பேச வேண்டுமாம். என்னை எதிரே உட்காரவைத்துப் பேசிக் காட்டினாள். உலகம் சூடாகிக்கொண்டே போனால், பனிக்கரடி மரபணு மாறித் தப்பிக்குமா என்பதுதான் தலைப்பு. "ஆனைக்குட்டம் டேமுல தண்ணியக் காணோம், உனக்குப் பனிக்கரடியாக்கும்" என்று கேலி செய்தேன்.

கிரீன்லாந்தில் குளிர் குறைந்த பக்கத்துக் கரடிகளின் ரத்தத்தைப் பார்த்தார்களாம். மரபணுவில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டாம். அவை அந்தக் கரடிகளிடம் வேறு மாதிரி வேலை செய்கின்றனவாம்.

"அப்பப் பழகிக்கிரும்ல?" என்றேன்.

"அது இன்னும் தெரியாதுன்னு சொல்றாக அத்தை. ஒரு கரடி ஆயுசுல நடக்குற காரியமில்ல. தாங்குறது குட்டி போடும், தாங்காதது செத்துப்போகும். தலைமுறை தலைமுறையா அப்படி நடக்கணும். அதுவரைக்கும் பனி இருக்கணுமே."

காகிதத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, குரல்கூட மாறாமல் கேட்டாள்: "எங்கப்பா தாங்காததுல சேத்தியா அத்தை?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணே?

இன்னொரு சேதி. உன் இடத்துக்கு மதினியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே களம். சித்திரை நெருங்குகிறது. போய் ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் தலை பாரம் என்கிறாள்.

"போகாதீக மதினி. எங்கூட நிழல்ல உக்காந்து லேபிள் வெட்டுங்க."

"போ தாயி. அங்கன உங்கண்ணன் நின்ன எடத்துல நிக்கேன். அது போதும் எனக்கு."

கயல் தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக் காலையில் கம்பெனி வேன் வரும். மதினியை ஏற விட மாட்டேன், அண்ணே. இது சத்தியம். அவள் என்னை ஏசட்டும். நாத்தனார் கொடுமை என்று தெருவே கூடி நிற்கட்டும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்க நம் வீட்டில் அம்புட்டு ஆள் இல்லை.

உன்னைப் போயிட்டு வரச் சொன்ன தங்கச்சி,
ராசாத்தி