ஆடியில் திறந்த மண்டபம்

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் திடமாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் மருமகள் மலரும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் கல்யாண மண்டபத்தை விற்கப் போவதில்லை. டயர் கடைக்காரர் ஸ்டோர் போடக் கேட்டார், அப்பாவும் உன் பேச்சைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டார், நான் ஆட்டவில்லை.

நம்ம சிம்பாங் ரெங்கத்துல எவன்மா மீட்டிங் போட வருவான், ஜொகூர் பாருல ஹோட்டலா இல்ல என்று சிரித்தாயே, வந்தார்கள். ஆடியில் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் பூட்டிக் கிடக்கும், அந்த மாதத்தைத்தான் பிடித்தேன். உரக் கம்பெனி ஒன்று தன் முகவர்களைக் கூட்ட இடம் தேடுவதாகக் கேள்விப்பட்டு நானே போய்ப் பேசினேன். எல்லாரும் சாஆ, பெக்கோக் ஊர்ப் பக்கத்து ஆட்கள், அவர்களை எதற்கு ஜொகூர் பாரு வரை அலைக்கழிக்கிறீர்கள், நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் எங்கள் மண்டபம் என்றேன். ஏற்பாடுகளைப் பார்க்க பிரேமலா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள், பொல்லாத சுறுசுறுப்பு. வாழைமரம்லாம் வேணாம் ஆன்ட்டி, இது கல்யாணம் இல்ல லா என்றாள். சரியென்று கழற்றினேன், பன்னீர் தெளிப்பதை மட்டும் விடவில்லை, என் வாசலுக்கு வருகிறவர்களை வரவேற்க எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

அன்று நடந்ததை மறைக்க மாட்டேன். நம் சமையல் கருப்பாயிக்கு மேலே கூடத்தில் கைதட்டல் கேட்டால் தாலி கட்டியாயிற்று, இலை போட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மேனேஜர் மிஸ்டர் லிம் வரவேற்புரை முடித்ததும் எல்லாரும் தட்டினார்கள், காலைப் பலகாரம் செரிக்கும் முன்பே இவள் கீழே இலையைப் போட்டு சாம்பாரை ஊற்றிவிட்டாள். வாசனை மேலே போனதும் முகவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்துவிட்டார்கள். அலமாக், என் புரோகிராம் போச்சே ஆன்ட்டி என்று பிரேமலா தலையில் கை வைத்தாள். இத்தோடு மண்டபம் டயர் கடைக்காரருக்குத்தான் என்று நானும் நினைத்தேன். ஆனாலும் விடவில்லை, மிஸ்டர் லிம்மையும் கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தேன். பக்கத்து இலையில் பெக்கோக் முகவர் சதாசிவம். ரசத்தைக் குடித்துக்கொண்டே மலாய் மொழியில் போட்டு உடைத்தார், மழைக்காலத்தில் உங்கள் உரமூட்டை கட்டிக் கட்டியாக வருகிறது, திட்டு வாங்குவது நாங்கள் என்று. எதிர் வரிசையும் ஆமாம் போட்டது. மைக்கைக் கையில் கொடுத்தாலும் வாய் திறக்காத ஆட்கள்டா அவர்கள். லிம் எழுந்து கை கழுவக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது, அடுத்த வருஷமும் இதே மாதம் இங்கேதான், இரண்டு நாள், சாப்பாடு முதலில், பேச்சு பிறகு என்று சொல்லி அப்போதே இடம் பிடித்துவிட்டார்.

ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்பாய், இருந்துவிட்டுப் போகட்டும். ஊர் சின்னது என்றால் காரியமும் சின்னதாகத்தான் இருக்க வேண்டுமென்று யார் சட்டம் போட்டது? கல்யாணக் கூட்டத்தையே பசியில்லாமல் அனுப்பிய ஊருக்குக் கம்பெனிக்காரனை உட்கார வைக்கத் தெரியாதா? இரவு தங்க ஹோட்டலுக்கு என்ன செய்வீங்க என்று பிரேமலா மடக்கினாள். வீடு இருக்கிறது என்றேன். எதிர்வீட்டு வெள்ளையம்மா தன் மாடியைத் தருகிறாள், தெருவில் இன்னும் சிலர் கேட்டு வருகிறார்கள். அப்பா கூட நேற்று ஏணி போட்டு மண்டப விளக்கெல்லாம் துடைத்தார்.

அம்மன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், மலரை வேளைக்குச் சாப்பிடச் சொல். அடுத்த ஆடிக்கு மறக்காமல் லீவு போட்டு வா, விற்பனைப் பேச்சு பேச அல்ல, பந்தியில் பரிமாற ஆள் வேண்டும். உன் அறையை மிஸ்டர் லிம்முக்குக் கொடுத்துவிட்டேன், நீ மண்டபத்தில் படுத்துக்கொள்.

உன் அம்மா,
சந்திரமதி