பழைய உத்தரம்

நைனார்பாளையம்,
ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நூறு வருஷத்து வூட்டை இடித்துவிட்டு காங்கிரீட் போடலாம் என்றீர்கள். நான்தான் விடவில்லை. சுவரில் சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசியதில் வெயிலே உறைக்கவில்லை. மாடியில் சோலார் தகடுகள் வைக்கச் சொன்னதும் நான்தான்.

புதன்கிழமை கூடத்தில் மண் உதிர்ந்தது. தச்சர் முனியன் ஏணி போட்டு ஏறி, கூரையைத் தாங்கும் மர உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள பூரா கரையான் அரிச்சிருக்குதும்மா. மேல இருக்கிற பாரத்த சீக்கிரம் எறக்குங்க."

கீழே உங்கள் அம்மா ஓதிக்கினு இருந்தார்கள். "முடிச்சிட்டு வரேன், இன்னா அவசரம்?" என்றார்கள். அவர்களை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

உத்தரம் விழவில்லை. அன்றைக்கே தகடுகளை இறக்கிக் கொல்லையில் கம்பி நட்டு மாட்டியாயிற்று. உத்தரத்துக்கு இரும்பில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "இனிமே பயமில்ல" என்கிறார் முனியன்.

அம்மாவும் நம் பிள்ளை ரஜியாவும் பக்கத்து வூட்டில் படுக்கிறார்கள். நான் மட்டும் நாலு நாளாக உத்தரத்துக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால், வெள்ளிக்கிழமை பிள்ளையை உள்ளே கூட்டிக்கொள்வேன்.

அதுவரை இடிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி