முழங்காலால் தள்ள வேண்டிய கதவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நீ பிடித்துக் கொடுத்த கடற்கரை வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. நல்ல வீடு பார்த்தாய் போ! கட்டில் சுவருக்குள் மடிந்து கிடக்கிறது, குளியல் தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில், நான் குளிக்கும்போது உன் அப்பா பால் காய்ச்சக் கூடாதென்று சட்டம் போட வேண்டியிருக்கிறது. திரும்பிய இடமெல்லாம் வீட்டுக்காரம்மா சீட்டு ஒட்டியிருக்கிறார். வாசல் கதவை முழங்காலால் தள்ளவும், இந்த இழுப்பறையைப் பாதிதான் திறக்கவும், இந்தத் தாழ்ப்பாளிடம் பொறுமையாக இருக்கவும். நாற்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்த தச்சரை இப்படி ஒரு வீட்டில் விட்டால் சும்மா இருப்பாரா? கடலை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. கருவி எதுவும் எடுத்துவரக் கூடாதென்று பையெல்லாம் சோதித்த எனக்குக் கூட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை பார்! ஒவ்வொன்றாகச் சரிசெய்து சீட்டுகளை உரித்து மேசைமேல் அடுக்கிவிட்டார். துண்டு கொடுக்க வந்த வீட்டுக்காரம்மா பழக்கதோஷத்தில் முழங்காலால் ஓங்கித் தள்ளி, நேராக வந்து என்மேல் விழுந்தார். இருபது வருஷமா பழகின கதவுங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும்.

இது உன் மாமா பார்த்துக் கொடுத்த வீடு என்று சொல்லித்தான் அப்பாவைக் கூட்டிவந்தேன். நீ என்று தெரிந்தால் வந்திருக்க மாட்டார். பட்டறையில் கூடவே நின்ற பெண், வெளியூர் வேலைக்குப் போக டிக்கெட் எடுத்த பிறகுதானே சொன்னாள் என்ற கோபம். இரண்டு வருடமாக நான் போனை நீட்டினால், வேலை இருக்கு என்று நகர்ந்துவிடுவது உனக்கே தெரியும். நேற்று மழை. வந்து தங்குகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்தால் உன் கையெழுத்து! கிளம்புவதற்கு முன் நீ இங்கே நாலு நாள் தனியாக இருந்தாய் என்று பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லையேடி. 'இந்த வீட்டில் ஒரு கதவும் ஒழுங்காக மூடவில்லை. அப்பா வந்தால் ஒரே நாளில் சரியாக்கிவிடுவார். அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். என் குட்டு உடைந்துபோனது, ஆனால் அவர் திட்டவில்லை. மாமா பார்த்த வீடாக்கும் என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை பால்கனிக் கதவு ஒன்றுதான் பாக்கி. அதைக் கழற்றி மாட்ட இன்னொரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் போய்ப் பிடித்தேன். விடு, உனக்குப் பிடிக்கத் தெரியாது, அவளுக்குத்தான் கை ஆடாது என்றார். அப்புறம் வீட்டுக்காரம்மாவிடம் போய், அடுத்த லீவுக்கும் இதே வீடு வேண்டும், மூணு பேர் என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் இவள் என்றாவது உன்னைச் சொல்லி இரண்டு வருடமாயிற்று, எனக்கு அதுவே போதும்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் கண்ணே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. கீழே இரண்டு விரல் இடம் விடச் சொல்லி, அப்பா பென்சிலைச் சீவிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

உன் அம்மா

பால்கனிக் கதவைத் தொடவில்லை. சீட்டும் அப்படியே இருக்கிறது. நீ வந்து பிடி.
அப்பா