திருநீற்றுக் கிண்ணத்தில் இரண்டு ஜெற்

கறுப்புப் புகையின் சக்கரவர்த்தியே, என் ஆசை மச்சான் தில்லையம்பலம்,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ கொஞ்சம் நலமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே இப்போதைக்கு என் விருப்பம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் ஜீப் இன்னும் சுன்னாகம் வீட்டு மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் வலிகாமம் முழுக்க அமாவாசை. காகங்கள் பொழுதுபட்டுவிட்டதென்று கூட்டுக்குத் திரும்புகின்றன. பண்டத்தரிப்பில் கொடியில் காய்ந்த வேட்டிகள் கறுத்துப்போனதாக எனக்கு முறைப்பாடு வந்திருக்கிறது.

உன் மனைவி, என் தங்கச்சி சறோ, என்னோடு கதைப்பதில்லை. உன் செத்தவீட்டில், சனம் நிறைந்த முற்றத்தில் வைத்துச் சொன்னாள்: "அண்ணை சோக்கை இழுத்துக் கெடுத்ததாலைதான் ஜீப் நிண்டது. இல்லாட்டி இவர் இருந்திருப்பார்." முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சாப்பாட்டுக்கு எனக்கு இலை போட்டதுகூட அடுத்த வீட்டுக்காரிதான்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். நெஞ்சு நோகிறது என்றாய். அம்புலன்ஸுக்கு அடிப்போம் என்றேன். "என்ரை ஜீப் நிக்கேக்கை நான் ஏன்ரா ஊரான்ரை வண்டியிலை போவான்?" என்றாய். சறோ உன்னைப் பின்சீற்றில் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்து ஜீப்பை நான் ஓடினேன். கொக்குவில் ரயில் கடவை பூட்டியிருந்தது.

நின்றோம். ஜீப் இருமியது, செருமியது, அடங்கிப்போனது. ரயில் போயிற்று, கடவை திறந்தது, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் ஸ்டார்ட் எடுக்கத் திறப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஓர் ஓட்டோவில் உன்னை ஏற்றினோம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் டொக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சத்தைத்தான் சறோ என் தலையில் இறக்கி வைத்திருக்கிறாள்.

சரி, விசாரணை நடத்துவோம் என்று போன கிழமை கேற்றைத் திறந்துகொண்டு போனேன். சறோ கதவைச் சாத்தினாள். நான் பொனற்றைத் திறந்தேன்.

பிளக்குகளைக் கழற்றினேன். பொங்கல் பானையின் அடிகூட அவ்வளவு கறுப்பில்லை. காற்றுக்கு மிஞ்சிப் பெற்றோல் குடித்த எஞ்சின். எயர் பில்டரைப் பார்த்தேன், பால்குடிப் பிள்ளையின் நாக்குப் போலச் சுத்தம். கார்பரேட்டரின் மிதவையும் ஊசியும் ஒழுங்கு. பிறகு, நான் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட சோக், எஞ்சினுக்குப் போகும் காற்றை மறிக்கிற தகடு. அதன் கம்பி எந்தக் காலத்திலோ அறுந்து, தகடு திறந்தபடியே இறுகிக் கிடந்தது. நான் ஆயிரம் யானை பலத்தோடு இழுத்திருந்தாலும் கையில் வந்திருப்பது வெறும் குமிழ்தான்.

மிச்சம், பெற்றோலை அளந்துவிடுகிற கார்பரேட்டர் ஜெற் இரண்டும். பெற்றோல் போகிற துளை, தலைமயிர் நுழையவே யோசிக்க வேண்டியது. உன்னுடையதில் ஈர்க்கு போய் வந்தது. நின்ற இடத்தில் பெற்றோல் பெருகி எஞ்சின் மூச்சடைத்தது இதனால்தான்.

அப்போதுதான் பிடிபட்டது. சண்டைக் காலத்தில் அரசாங்கம் பெற்றோலைத் தடை செய்திருந்தபோது ஊரே மண்ணெண்ணெயில் ஓடியது. நீயும் இரண்டு ஜெற்றை வாங்கித் துளையைப் பெருப்பித்துப் போட்டாய். பெற்றோல் வந்த பிறகு பழையதை மாட்டச் சொன்னேன். "உவங்களை நம்பேலாது, மச்சான். திரும்பவும் நிப்பாட்டுவாங்கள்" என்றாய். பிற்பாடு, மாட்டியாயிற்று என்றும் சொன்னாய். புகையைக் காட்டிக் கேட்கும்போதெல்லாம் பில்டரைக் குற்றம் சொன்னாய், பெற்றோலைக் குற்றம் சொன்னாய், ஒருமுறை காலநிலையையும் சொன்னாய். மறந்துபோனாயா, மச்சான்? இல்லை, அவ்வளவு பயந்திருந்தாயா?

கையைக் கழுவிக்கொண்டு, ஈழம் முழுவதையும் வென்ற தளபதி போல வீட்டுக்குள் போனேன். சறோ சாமியறையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் திருநீறு, பிறகு தீர்ப்பு என்று கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. பித்தளை. இரண்டு. துளையில் மயிர்தான் நுழையும்.

"உதை எடுக்காதேங்கோ" என்றாள். செத்தவீட்டுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை. "அது அவர் வைச்சது. வாகனத்துக்குக் காப்பு எண்டு சொன்னவர். நான் ஒவ்வொரு நாளும் அதுக்கும் பூ வைக்கிறனான்."

தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டையும் திரும்பத் திருநீற்றுக்குள் புதைத்தேன். எஞ்சினுக்குள் இருந்திருந்தால் கடவையில் உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு துண்டு, சாம்பலுக்குள் கிடந்து பூசை வாங்குகிறது. அவளிடம் உன்னுடையதென்று மிஞ்சியிருக்கும் நம்பிக்கையும் அதுதான்.

"ஓம் பிள்ளை, காப்புத்தான்" என்றேன். பூசிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை ஊர் பார்க்கப் பத்திரிகையில் எழுதுகிறேனே, அவளுக்குத் தெரிய வராதா என்று நீ பயப்படாதே. என் எழுத்து விழுந்த தாளில் அவள் மீன்கூடச் சுற்றமாட்டாள். யாரும் வாசித்துப் போய்ச் சொன்னாலும், அண்ணையின்ரை வழக்கமான புளுகு என்பாள். வாழ்நாள் முழுக்கப் புளுகியதற்கு எனக்குக் கிடைத்த பலன் இதுதான்: உண்மையை ஊரெல்லாம் சொல்லலாம், ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உன்மேல் ஆத்திரம் தீரவில்லை, தீரவும் மாட்டாது. என்றாலும் வாக்குத் தருகிறேன். ஜீப்புக்கு வேறு ஜெற் தேடிப் போடுவேன். சறோவை ஏற்றிக்கொண்டு அந்தக் கடவையில், கேற் பூட்டியிருக்கும்போது, எஞ்சினை நிறுத்தாமல் நிற்பேன். அது அடங்காமல் நின்றால், அண்ணைக்கு இப்பதான் ஜீப் ஓடத் தெரியுது என்று அவள் சொல்லுவாள். நான் ஓம் என்பேன்.

உன் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிற,
உன் பெண்சாதியின் அண்ணன், உன் மச்சான்.